பதினெட்டுப் பக்கம் தள்ளி

போன வாரம் நம் சபையின் மூத்தோர் வாட்ஸ்அப் குழுவில் காலைத் தியானமாக ஒரு பக்கம் வந்தது. ஒரு இளம் விதவையைப் பற்றிய பக்கம். நீங்கள் எல்லோரும் கும்பிடும் கைப்படம் போட்டீர்கள். நான் போடவில்லை. "என்னங்க, ஒடம்புக்கு ஏதாச்சுமா?" என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தை எனக்கு அறுபது வருடங்களாகத் தெரியும். அதைப் படிக்க வேண்டிய நாளில் நான் படிக்காமல் விட்டேன். என்ன நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன். நம் வயதில் தள்ளிப்போட இனி அதிக நாள் இல்லை.

அந்தத் தியானங்களை எழுதியவர் இறந்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தவர். பொதுக்கிணற்றில் எல்லாரும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று நின்று அடி வாங்கியவர். கைம்பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்ததற்காகச் சொந்தச் சபையாரே அவரை ஒதுக்கினார்கள். தினமும் விடியற்காலையில் ஒரு பக்கம் எழுதுவாராம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, நாளுக்கொரு பக்கமாகப் புத்தகம் ஆக்கினார்கள். மேலே தேதி, அதன் கீழ் வேத வசனம், பிறகு அவருடைய சிந்தனை, கடைசியில் ஒரு வரி ஜெபம். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'புத்தகத்து ஐயா'.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களைக் கோயிலில் ஏலம் விடும்போது பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் அந்தப் புத்தகம் வந்தது. அப்பா கையைத் தூக்கி எடுத்துவிட்டார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்ததால் அளவு நாடாவின் எண்கள் மட்டும் தெரியும். படிக்கத் தெரியாதவர் புத்தகம் ஏலம் எடுத்ததைப் பார்த்துச் சபையே சிரித்தது.

"அந்தச் சேவலை எடுத்திருந்தாக் கொழம்பாச்சும் வெச்சிருக்கலாமுங்க" என்றாள் அம்மா, வீட்டுக்கு நடக்கும்போது.

"பையன் படிப்பான். நாம கேப்போம்" என்றார் அப்பா.

அப்படித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். ஐந்தரைக்கு ஜெபம். பக்கத்துச் சலவைப் பட்டறையின் பிளீச்சிங் பவுடர் வாடை அந்நேரத்துக்கே மூக்கில் ஏறும். நான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதலில் தேதியைச் சத்தமாகச் சொல்வேன். பிறகு வசனம், பிறகு பக்கம். அப்பா ஆரம்பம் முதல் முடிவு வரை கண்ணை மூடியிருப்பார். அம்மா தங்கையை மடியில் போட்டுக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருப்பாள். அத்தை சுவரில் சாயாமல் நேராக உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். முடிந்ததும் பனியன் கழுத்துப் பட்டித் துணியில் கிழித்த நாடாவை அடுத்த பக்கத்தில் வைத்து மூடுவேன். ஞாயிறு பள்ளி வாசிப்புப் போட்டியில் பரிசு வாங்கியவன் நான். என் குரலில் எனக்கே ஒரு மயக்கம் இருந்தது.

அப்பா ஒரு பழக்கம் வைத்திருந்தார். வீட்டில் பெரிதாக எதையாவது முடிவு செய்ய வேண்டும் என்றால், ஒரு நாளைக் குறித்து, அன்றைய பக்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்பார். நாமாகத் தேடிப் போகக் கூடாது, முன்கூட்டித் திருப்பிப் பார்க்கவும் கூடாது. அந்த நாளுக்கு எது வருகிறதோ அதுதான் பதில். ஒரு கோடையில் ஃபேன் வாங்கலாமா என்ற கேள்வி வந்தது. அன்றைக்கு விழுந்த பக்கம் போதும் என்ற மனதைப் பற்றியது. ஃபேன் வரவில்லை.

"புத்தகத்து ஐயா காலத்துல ஃபேனே இல்லீங்க. அவருக்கு என்னங்க தெரியும் நம்ம புழுக்கம்?" என்று அம்மா விசிறிக்கொண்டே கேட்டாள். கம்பெனி மாறுவதா, தங்கையை எப்போது பள்ளியில் போடுவது, எல்லாம் இப்படித்தான்.

இன்று நினைத்தால் ஒன்று புரிகிறது. நல்ல நாள் பார்த்து வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களைக் கேலி செய்து அதே புத்தகத்து ஐயா ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதையும் வருடா வருடம் படித்தேன். "நல்லாச் சொன்னாருங்க" என்று அப்பா தலையாட்டுவார். உறவுக்காரர்கள் வீட்டில் பஞ்சாங்கம் ஆணியில் தொங்கியது. எங்கள் வீட்டில் அது அலமாரியில் இருந்தது. அப்பா அதை அறியாமல்தான் செய்தார். நான் அறிந்து செய்தேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. எனக்குப் பதினோரு வயது நடந்தபோது அவளுக்கு இருபத்தாறு. கல்யாணமாகி இரண்டே வருடத்தில் மாமா விஷக் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. அப்பா, அம்மா மாதிரியே அவளுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பாவின் கம்பெனியிலேயே செக்கிங்கில் சேர்ந்தாள். பின்னி வந்த துணி நீளக் குழாய் மாதிரி இருக்கும். அடியில் பல்பு எரியும் கண்ணாடி மேசையின் மேல் அதை இழுத்துக்கொண்டே போய், ஓட்டை இருக்கும் இடத்தில் நீலப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பார்கள்.

சாயங்காலம் அவள் வரும்போது புருவத்திலும் இமையிலும் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடி முகத்தைக் காட்டுவாள். நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க வேண்டும். இமையில் இருப்பதை எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். "பாத்துடா, முழியையும் சேத்திப் புடுங்கிப்போடாதே" என்பாள். காதர்பேட்டைக்குச் சரக்குப் போகும் அட்டைப் பெட்டிகளின் மேல் மயில், சிங்கம், ஆகாய விமானம் என்று படம் ஒட்டுவார்கள். ஓரம் கிழிந்ததென்று ஒதுக்கியதை எனக்குக் கொண்டுவந்து தருவாள். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. தங்கை கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அம்மாவுக்கு என்னைப் பார்க்க நேரமில்லை. பள்ளியில் நடந்ததையெல்லாம் நான் சொன்னது அத்தையிடம்தான். இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. காரணம் என்று ஒன்று இருந்தது, அதுதான் இது.

பள்ளி விடுமுறை நாட்களில் அப்பாவுக்கும் அத்தைக்கும் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோவேன். அங்கேதான் மெக்கானிக்கைப் பார்த்தேன். பின்னும் மிஷின்களைப் பழுது பார்க்கிறவர். நம் சபைக்காரர்தான். முதல் பிரசவத்திலேயே மனைவியை இழந்தவர். கை முழங்கை வரை எண்ணெய்க் கறுப்பு. அவர் ஒருநாள் செக்கிங் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க, நீங்க இப்படி வட்டம் வட்டமாப் போட்டு எம் மிஷினுக்கே பேரு கெட்டுப்போச்சுங்க."

அத்தை துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மிஷின் ஒழுங்கா ஓடுனா நான் எதுக்குங்க வட்டம் போடறேன்?"

"நேத்துத்தான் ஊசி பூராம் மாத்துனேன்."

"அப்ப மாத்துனவரை மாத்தோணும்."

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கஜம் முழுவதும் அவள் வட்டம் எதுவும் போடவில்லை. கையில் போசியோடு நான் அங்கே நிற்பதை அவள் பார்க்கவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு அமராவதி நகரில் அணைக்கட்டில் மிஷின் பார்க்கும் சர்க்கார் வேலை கிடைத்தது. போகும் முன் அவர் உபதேசியாரிடம் பேச, உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சபையில் ஜெபம் நடத்துவது முதல் பெண் கேட்டு நடப்பது வரை எல்லாம் அவர் வேலைதான்.

"நல்ல மனுசனுங்க. குடி இல்ல, பீடி இல்ல. தங்கச்சிய மரியாதையா வெச்சுக்குவாருங்க" என்றார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க பக்கத்துல தாலியறுத்த பொண்ண மறுபடி கட்டிக் குடுத்த வழக்கமில்லீங்களே, ஐயா. சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?"

"சொந்தக்காரங்க பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிருந்த பொண்ண எடுத்து வெளியில உட்டமாதிரி பேசுவாங்க. பேசட்டும்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "அம்மிணியக் கேட்டீங்களா?"

அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அண்ணன் சொன்னாச் சரிங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள், களைந்த அரிசியையே மறுபடியும் மறுபடியும் களைந்தாள். அதை நான் பார்த்தேன்.

"திங்கக்கெழமை வாங்கைய்யா. காலைல ஜெபத்துக்கு வாங்க. அன்னிக்குப் பக்கம் என்ன சொல்லுதோ அதுங்க" என்றார் அப்பா.

அமராவதி நகர் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். பல்லடம் போய், உடுமலை போய், அங்கிருந்து வேறு பஸ் என்றாள். எனக்கு அது கப்பலேறுவது போலக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். நான் அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, நாடா வைத்த இடத்தைத் திருப்பினேன். புத்தகம் வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, அந்தப் பக்கத்தை வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. புத்தகத்து ஐயாவின் பள்ளிக்கு வந்த ஒரு இளம் விதவையைப் பற்றிய பக்கம். ஒரு தச்சர் அவளைக் கேட்டு வந்தார். ஊரே எதிர்த்தது. ஐயா தானே முன்னால் நின்று கல்யாணத்தை முடித்தார். திரும்பும் வழியில் கல் விழுந்து அவர் நெற்றி கிழிந்தது. செத்தவரோடு உயிருள்ளவளையும் பூட்டி வைப்பதற்குப் பக்தி என்று பெயர் வைக்காதீர்கள் என்று எழுதி முடித்திருந்தார். இதைவிடத் தெளிவாக யாரும் பதில் சொல்ல முடியாது.

அத்தை போய்விடுவாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. பக்கங்களை முன்னால் தள்ளிக்கொண்டே போனேன். பதினெட்டுப் பக்கம் தள்ளி இன்னொன்று இருந்தது. வைத்த இடத்திலேயே எரியும் விளக்கைப் பற்றியது. வேறு இடம் தேடாதே, உன்னைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு நீ தேவை என்று. நோயாளிகளை விட்டுவிட்டுப் பட்டணத்துக்குப் போக நினைத்த ஒரு வைத்தியருக்காக அவர் எழுதியது அது. வைத்தியர் வரும் இரண்டு வரியை விட்டுவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

சாயங்காலம் வாசலில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு" என்றாள். "நாளைக்குப் பக்கம் எப்படி இருக்குதுன்னு பாத்தியா?"

"பாக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காருங்க, அத்தை."

"ஆமா. பாக்கக் கூடாது." ஒரு சட்டையை மடித்தாள். பிறகு, "நல்ல பக்கமா வந்தாச் சத்தமாப் படி. இல்லீன்னா மெதுவாப் படிச்சிரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை உபதேசியார் குளித்து நெற்றி ஈரத்தோடு வந்தார். அத்தை அன்றைக்கு மஞ்சள் கரை போட்ட புடவை கட்டியிருந்தாள். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். நான் அன்றைய தேதியைச் சொன்னேன். பதினெட்டுப் பக்கம் தள்ளிப் படித்தேன். வைத்தியரை விட்டுவிட்டேன். சத்தமாகவும் படிக்கவில்லை, மெதுவாகவும் படிக்கவில்லை. பரிசு வாங்கிய அதே குரலில் படித்தேன். எதிரே இருந்த உபதேசியார் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்துவிடுவாரோ என்ற பயம் மட்டும் இருந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. நம் ஆட்கள் ஜெபத்தில் கண்ணை மூடினால் மூடியதுதான்.

முடிந்ததும் நாடாவை மறுநாள் பக்கத்தில் வைத்து மூடினேன். பட்டறையில் யாரோ தொட்டியில் துணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"கர்த்தர் தெளிவாச் சொல்லிட்டாருங்க" என்றார் உபதேசியார், மெக்கானிக்குக்காக வருந்துகிற குரலில்.

"ஒரு பக்கத்தை வெச்சா ஒரு பொம்பளையோட பொழைப்ப முடிவு பண்றீங்க?" என்றாள் அம்மா. "அவ மனசத் தொறந்து ஒரு பக்கம் படிங்களே பாப்போம்."

"சும்மா இரு" என்றார் அப்பா.

அத்தை எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தினமும் வேலைக்குக் கட்டுகிற புடவையில் இருந்தாள். போசியை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வர்றேனுங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எனக்கு முகத்தைக் காட்டினாள். நான் பஞ்சு எடுத்தேன். வழக்கம்போல இருந்தது. என் திட்டம் பலித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. நாளுக்கொரு பக்கம் என்ற புத்தகத்தில் ஒரு பக்கத்தை இடம் மாற்றினால் இரண்டு நாட்கள் கெட்டுப்போகும். பதினெட்டாம் நாள் விளக்கின் பக்கம் தன் தேதியில் வந்து நிற்கும். அதையே மறுபடி படித்தால் அப்பா உடனே கண்டுபிடித்துவிடுவார். அவருக்குப் படிக்கத் தெரியாது, கேட்டது மறக்காது.

இதற்கிடையில் மெக்கானிக்குக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். தாராபுரம் பக்கத்துப் பெண். பதினெட்டாம் நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்களுக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, யாருக்கும் தடை இல்லையென்றால்தான் கல்யாணம் என்பது உங்களுக்குத் தெரியும். தடை உண்டா என்று ஆயர் கேட்டபோது அத்தை எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தின் பின்பக்கம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பதினெட்டாம் நாள் காலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. விதவையின் பக்கத்தை அன்றைக்குப் படித்துவிட்டால் இரண்டு பக்கமும் படித்தாகிவிடும், ஒன்றும் விட்டுப்போகாது. அன்றைக்கு அது எனக்கு நேர்மை போலவே தோன்றியது. தேதியைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தைப் படித்தேன். தச்சர் வந்தார், ஊர் எதிர்த்தது, கல் விழுந்தது. பாதியில் அப்பா கண்ணைத் திறந்துவிட்டார். அந்தப் புத்தகம் வந்ததிலிருந்து முதல் தடவை. நான் தாளைக் கையால் மறைத்துக்கொண்டே படித்து முடித்தேன்.

"இதென்ன... இது அன்னிக்கே வந்திருக்கக் கூடாதா?" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

அம்மா தங்கையைக் கீழே விட்டுவிட்டு எழுந்தே விட்டாள். "இன்னும் ரெண்டு ஓலை இருக்குதல்லங்க? இப்பவே உபதேசியார் ஊட்டுக்குப் போங்க. பக்கம் வந்துட்டுதுன்னு சொல்லுங்க. இத்தனை நாளு பக்கம் பக்கம்னு சொன்னீங்களே, போங்க!"

அப்பா செருப்பைத் தேடினார். உண்மையில் தேடினார். அப்போது அத்தை பேசினாள்.

"வேண்டாங்கண்ணா."

"அம்மிணி..."

"ஓலை வாசிச்சாச்சு. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? நாளைக்கு அதையும் யாராச்சும் ராசியில்லாதவள்னு சொல்லவா? நமக்குன்னு வந்த நாள்ல கர்த்தர் வேண்டாம்னாரு. இது யாருக்கோ வந்த பக்கமுங்க."

புத்தகம் என் மடியில் திறந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அடி விழும் என்று பயந்தேனா என்றால் அதுவும் இல்லை, அப்பா என்னை அடித்ததே கிடையாது. அப்பாவின் கண்ணில் நான் நல்ல பையனாக இருந்தேன். அதை விட மனமில்லை. நாடாவை அடுத்த பக்கத்தில் வைத்து மூடினேன்.

மூன்றாவது ஓலையும் முடிந்து கல்யாணமும் முடிந்தது.

அடுத்த வருடமும் அந்த இரண்டு நாட்களும் வந்தன. அவற்றை மாற்றித்தான் படித்தேன். அதற்கடுத்த வருடமும். ஆறு வருடம். கோயம்புத்தூருக்குக் கல்லூரிக்குப் போனபோது, இனித் தங்கைதான் படிப்பாள், அவள் தேதிப்படி படித்தால் வெளியே வந்துவிடும் என்று பயந்து, ஹாஸ்டலில் தினமும் தியானம் செய்ய வேண்டும் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அப்பாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆயர் பிரசங்கத்தில் என்னை உதாரணமாகச் சொன்னார். ஹாஸ்டலில் அது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. வீட்டில் வேறொரு தியானப் புத்தகம் வாங்கினார்கள்.

எம்.ஏ. முடித்துக் கல்லூரி ஆசிரியனானேன். இருபத்தேழு வயதில் எனக்குப் பெண் பார்த்து, நம் கோயிலில் எனக்கு முதல் ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று கேட்ட நொடியில், முன்பு இரண்டு பெஞ்ச் பின்னாலிருந்து பார்த்த அத்தையின் கழுத்து நினைவுக்கு வந்தது. அன்று மத்தியானமே அத்தையிடம் சொன்னேன். அப்பா அதற்கு முந்தைய வருடம் இறந்திருந்தார். அவர் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அத்தைக்கு அப்போது நாற்பத்திரண்டு. முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை.

"அந்தப் புஸ்தகம் இருக்குதா?" என்றாள்.

பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். பக்கத்தைத் திருப்பி, "இதுதானுங்க அத்தை" என்று படிக்க வாயெடுத்தேன்.

"நீ படிக்காதே. தங்கச்சியக் கூப்புடு."

தங்கைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு தேதியைச் சொல்லிப் படிக்கச் சொன்னாள். தங்கை இரண்டையும் படித்தாள். விளக்கின் பக்கத்தில் வைத்தியர் வந்தபோது அத்தை, "இதென்ன, இது அன்னிக்கு இல்லையே" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஊசி முனை ஓட்டையைத் தேடுகிற அதே பார்வை.

"பதனாறு வருசம்" என்றாள். "கடவுள் வேண்டாம்னு சொன்னாருன்னா பொறுத்துக்கலாம், சாமி. அவருக்கு ஏதோ காரணம் இருக்கும்னு பொறுத்துக்கலாம். ஒரு பையன் சொன்னான்னா, அதை நான் எங்க கொண்டுபோய் வெக்கட்டும்?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள். சொன்னால் பாரம் குறையும் என்று நாம் பிரசங்கங்களில் கேட்கிறோம். எனக்குக் குறைந்தது. என்னிடமிருந்து இறங்கியது எங்கே போய் உட்கார்ந்தது என்று அன்றைக்குப் பார்த்தேன். அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலையும் நான் எடுத்துக்கொண்டேன்.

என் கல்யாணத்துக்கு வந்தாள். சாப்பிட்டாள். அடுத்த மாதம் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து, உடன் வேலை செய்த ஒரு முஸ்லிம் அம்மாவோடு தங்கிக்கொண்டாள். அம்மா அழுதாள். "எந்தப் பக்கமும் கேக்காம நானாப் போறேன் அண்ணி, அழுகாதீங்க" என்றாளாம்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வரவில்லை. தனியாகப் பஸ் ஏறி அமராவதி நகர் போய்விட்டு இருட்டும் முன் திரும்பிவிட்டாள். அம்மாதான் கேட்டாள்.

"அவரைப் பாத்தியா அம்மிணி?"

"அணையப் பாக்கத்தான் போனேனுங்க. நெம்பத் தண்ணி" என்றாள். அதற்குமேல் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னோடு அவள் பேசாமல் இருக்கவில்லை. அதைத் தப்பாக எண்ணிக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வந்தாள், என் பிள்ளைகளைக் கொஞ்சினாள், எனக்குப் பிடிக்கும் என்று கம்பு தோசை சுட்டுக் கொடுத்தாள். என்னை எதையும் படிக்கச் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். மாத்திரை அட்டை, கரண்டு பில், பேங்கிலிருந்து வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் என்னைத் தாண்டி என் மகளிடம் நீட்டுவாள். மகள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். நான் முப்பது வருடம் கல்லூரியில் பாடம் சொன்னவன்.

அவளுக்கு எழுபது வயதில் கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அத்தனை வருடம் வெள்ளைத் துணியின் மேல் வைத்திருந்த கண். கண் மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். மகள் ஊரில் இல்லை. ஒரு இளம் நர்ஸ் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து, "சார், பாட்டிக்கு இதைப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குங்க" என்று என்னிடம் கொடுத்தாள். நான் கண்ணாடியை மாட்டினேன்.

"அவன் வேண்டாங்க" என்றாள் அத்தை. "நீயே படி கண்ணு."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். தயங்கி, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குப் படிக்க வராதுங்களா சார்?" என்றாள்.

"நீங்களே படிங்கம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். அத்தை பழையபடி நேராக உட்கார்ந்து, பாதி தெரியும் கண்ணால் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தாள். என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆகலாம், என்ன ஆகாமல் போகலாம் என்று எல்லாம் அதில் இருந்தது.

"கடைசியில, இதுக்குச் சம்மதமான்னு கேக்குது பாட்டி."

"யாரைக் கேக்குது?"

"உங்களைத்தான். ஒங்க கண்ணுக்கு வேற யாரைக் கேப்பாங்க?"

அத்தை அந்தத் தாளை விரலால் ஒருமுறை தொட்டாள். பிறகு, "இன்னொருக்காப் படி" என்றாள்.

நர்ஸ் சலித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து படித்தாள். ஒரு வரி விடவில்லை. அத்தை பேனாவை வாங்கி, சம்பளம் வாங்குவதற்காகப் பழகிய அந்த ஒரே கையெழுத்தை மெதுவாகப் போட்டாள். நான் கதவோரம் நின்று இரண்டு தடவையும் கேட்டேன்.